விரிசலுக்கு வைத்த பொட்டு

இடி விழுந்தது போல் ஒரு சத்தம். வானத்தில் மேகமே இல்லை.

களிமண் மிதித்துக்கொண்டிருந்த வீரம்மாள் முழங்கால் சேறோடு அப்படியே நின்றாள். விடியற்காலை இருட்டு இன்னும் முழுதாய்ப் பிரியவில்லை. சூளைக் கொட்டகையிலிருந்து செம்புழுதி புகையாய்க் கிளம்பியது. அதற்குள்ளிருந்து ஓர் அலறல்.

உள்ளே இருந்தது அவள் புருஷன் தேவநாதன். வெந்த ஊறுகாய் ஜாடிகளை எடுத்துக் கொடுக்க, ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு அப்போதுதான் நுழைந்திருந்தான். சூளையின் மேல்வளைவு அவன்மேல் இறங்கிவிட்டது.

"தள்ளுங்கடா, மிச்சமும் வருது!" என்று யாரோ கத்த, எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். கூட வேலை பார்க்கும் மாயவன் மட்டும் முன்னால் ஓடினான். கறுப்புச் சட்டையைக் கழற்றி வலது கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் செங்கற்களைப் புரட்டி எறிந்தான். தேவநாதனை வெளியே இழுத்துப் போட்டபோது அவன் வலது கால் நசுங்கியிருந்தது. மாயவனின் இடது உள்ளங்கைத் தோல் கல்லோடு போய்விட்டது.

கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் தேவநாதனின் காலை எடுத்துவிட்டார்கள். துணைக்கு மாமியாரை வைத்துவிட்டு வீரம்மாள் ஊர் திரும்பிய காலையில், கம்பெனி கேட்டில் முதலாளி சக்கரபாணி நின்றிருந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம். எதிரே ஸ்டூலில் பித்தளைத் தட்டு, தட்டில் கற்பூரம்.

"இன்னிக்கி இன்ஸ்பெக்டர் வராரு. சூளையில விரிசல் இருந்துச்சான்னு கேப்பாரு. இல்லன்னு சொல்லணும். இருந்துச்சுன்னு சொன்னீங்க, சீல் வெச்சிட்டுப் போயிடுவாரு. அப்புறம் மண்ணத்தான் திங்கணும்."

"அப்ப எப்பிடி வுழுந்துச்சிங்க மொதலாளி?" என்று கேட்டான் ஜாடி வனையும் பழமலை.

"சாமி குத்தம்! சூளை பத்தவெக்கறன்னிக்கு எல்லாரும் வுழுந்து கும்புடுறீங்க. அந்த மாயவன் கையக் கட்டிகிட்டு நிக்கறான். அவன் தொட்ட சூளை நிக்குமா? அவன் சீட்டக் கிழிச்சிட்டேன். மத்தவங்க கற்பூரத்த அணைச்சி, விரிசல் இல்ல, அவனாலதான் வுழுந்துச்சின்னு சத்தியம் பண்ணிட்டு உள்ள வாங்க. தேவநாதன் வைத்தியச் செலவு என் பொறுப்பு."

விரிசல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். விரல் நுழையும் விரிசல். மழைக்காலத்தில் அதைக் காட்டியபோது முதலாளி களிமண்ணைப் பூசச் சொல்லி, தேங்காய் உடைத்து, "ஆத்தா கண்ணு தொறந்திருக்கா" என்றார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவளே வீரம்மாள்தான். அதன்பிறகு அந்த இடத்தில் கொத்தனார் கரண்டி வைக்க யாருக்கும் துணிவில்லை. "செவுத்துக்குப் பொட்டு வெச்சா நோவு தீந்துடுமா?" என்று மாயவன் சிரித்தான். பெண்கள் அவன்மேல் சேற்றை அள்ளி வீசினார்கள்.

வேலையாட்களில் கருப்பன்தான் முதலில் வந்தான். தலையைக் குனிந்தபடி கற்பூரத்தை அணைத்துவிட்டு உள்ளே போனான். பின்னாலேயே இன்னும் சிலர். யாரும் யாரையும் திட்டவில்லை. அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்குத் தெரியும்.

வீரம்மாள் வந்தாள். கற்பூரத்தை மறுபடி ஏற்றினார்கள். நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"நான் பொட்டு வெச்ச எடம் எனக்குத் தெரியாதா? அது விரிசல்தான். சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்."

"உன் புருஷன் ஆஸ்பத்திரியில கெடக்கறான், ஞாபகம் இருக்குதா?"

"அதனாலதாங்க சொல்றேன். நாளைக்கு இன்னொருத்தி புருஷன் உள்ள போவணுமே."

"ஓகோ! அந்த நாத்திகன்தான் இப்ப உனக்குச் சாமியோ?"

"அவன் சாமியும் இல்ல, பூதமும் இல்ல. அன்னிக்கி எல்லாரும் பின்னால போனப்ப அவன் உள்ள போனான். நீங்க நாமத்தோட கெணத்தடியில நின்னீங்க."

கற்பூரம் தானே எரிந்து அடங்கியது. கேட் மூடிக்கொண்டது.

வீரம்மாளைப் போலச் சத்தியம் பண்ணாமல், வெளியே புளியமரத்தடியில் மாயவனோடு போய் உட்கார்ந்தவர்களுக்கு அன்று கூலியில்லை, நாளைக்கும் இல்லை. மத்தியானம் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. உள்ளே போனது. புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பிப் போனது. மரத்தடிப் பக்கம் அது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மாயவன் லேபர் ஆபீசருக்கு மனு எழுதி முடித்திருந்தான். கட்டுப்போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு, "கையெழுத்துப் போடுங்க" என்றான். ஒருவரும் எழவில்லை.

"போட்டா ஊர்ல எந்தச் சூளையிலயும் சேத்துக்க மாட்டாங்களே" என்றான் பழமலை.

மாயவன் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பவே சொன்னேன், வளைவு எறங்கும்னு. ஒருத்தர் கேட்டீங்களா?"

"எப்பிடிக் கேக்கறது?" வீரம்மாள் சீறினாள். "நீ பொட்டப் பாத்துச் சிரிச்ச. அந்த எரிச்சல்ல விரிசலப் பத்திச் சொன்னது காதுல வுழல. நாங்க பொட்டப் பாத்துட்டு விரிசல மறந்தோம். ரெண்டு பேரும் சேந்துதான் அவர உள்ள அனுப்புனோம்."

ஜங்ஷனில் கரி எஞ்சின் ஒன்று நீளமாகக் கூவி ஓய்ந்தது.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும்" என்றாள் அவள்.

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் அது வழக்கம். எங்கேயும் நியாயம் கிடைக்காதவர்கள் குறையைத் தாளில் எழுதி, சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள்.

பழமலை நிமிர்ந்தான். "அதுல என் பேரப் போடுக்கா. பிராதுல பேரு போட்டவன் பாதியில போயி மொதலாளி கால்ல வுழ முடியாது."

"என் பேரும்." "எங்க ரெண்டு பேரயும் போடு." குரல்கள் ஒவ்வொன்றாய் வந்தன.

"அதுல பேரு போடறவங்க ஆபீசர் மனுவுலயும் கைநாட்டு வெக்கணும். பின்னால மாறக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டாள் வீரம்மாள்.

தலைகள் அசைந்தன. அவள் மாயவன் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு எழுதத் தெரியாது. நீதான் எழுதணும்."

மாயவன் புதுத் தாள் ஒன்றை முழங்காலில் விரித்தான். பேனா தாளைத் தொட்டு நின்றது.

"ஆபீசருக்கு உயர்திருன்னு போட்டேன். கொளஞ்சியப்பருக்கு என்னக்கா போடணும்?"