கொத்தனார் இன்னும் தரைக்கு வரவில்லை

நான்காம் மாடிச் சாரம் சரிந்த அன்று மூன்று பேர் விழுந்தார்கள். இரண்டு பேர்தான் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு போயிற்று, இன்னொருவருக்கு உயிர். மூன்றாமவரான கொத்தனார், கையில் கரண்டியோடு மல்லாந்தபடி, நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் இறங்கிக்கொண்டிருந்தார். முதல் வாரமே கீழே பலகை கொடுத்துத் தாங்கப் பார்த்தார்கள். முதுகு பட்டதும் பலகை இரண்டாகப் பிளந்தது, அவருக்கு விலா ஒன்று முறிந்தது. விழுந்த வேகமெல்லாம் மனிதருக்குள் அப்படியே இருந்தது. விழுந்து முடிக்காதவருக்கு விபத்துப் படிவம் எழுத வழியில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

அவர் மனைவி அதே கட்டடத்தில் சித்தாள். மேலே சாரம் கட்டக் கயிறு போதாவிட்டால் அடிச்சாரத்தில் ஒன்றிரண்டு கட்டுகளை அவிழ்த்துக் கொடுப்பது அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான். அன்று மேஸ்திரி, "கீழ ரெண்டு கட்ட அவுத்துக் குடும்மா, சாயங்காலம் கட்டிக்கலாம்" என்றார். அவிழ்த்தது அவள் கை. அந்தக் கையால்தான் தினமும் ஏணியில் ஏறி அவருக்குச் சோறு ஊட்டினாள். அதே கையால் தனக்கு ஒரு வாய் எடுத்துவைக்க அவளால் முடியவில்லை.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் அவரைப் பார்க்க மாட்டாமல் ஜன்னலைச் சாத்திவைத்தார்கள். இரண்டாம் மாடிக்காரர், கைக்கு எட்டிய நாட்களில், தாடி மழித்துவிட்டார். பிறகு ஏணி போய் முக்காலி போதுமென்று ஆயிற்று. முக்காலியும் வேண்டாமென்று ஆன நாளில் தரையிலிருந்து அவர் முதுகுவரை அவள் முழம் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்து, அவருக்கு நேர் கீழே தோண்ட ஆரம்பித்தாள்.

"எத்தன நாளைக்கும்மா இப்படித் தோண்டுவ?" என்றார் காவலாளி.

"ஒரு நாளைக்கு ஒரு விரக்கடதானண்ணே."

பாறை வந்தது, உளி வைத்து உடைத்தாள். தண்ணீர் ஊறியது, இறைத்துவிட்டுத் தோண்டினாள். மேஸ்திரி ஒருநாள் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் பொழுது சாயும்வரை மண் சுமந்துவிட்டுப் போனார். குழிக்கு இறங்கும் மூங்கில் ஏணியை மட்டும் அவள் யாரிடமும் விடுவதில்லை. தானே கட்டுவாள், ஒவ்வொரு கட்டையும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

கொத்தனார் இப்போது தெருமட்டத்துக்கு இருபதடி கீழே இருக்கிறார். கயிற்றைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. மல்லாந்திருப்பவருக்குக் கீழே பார்க்க முடியாது, அதனால் இதை மட்டும் கேட்பார்: "எடம் இருக்கா?"

"நெறைய இருக்குங்க. நீங்க கண்ண மூடுங்க."

முதுகுக்குக் கீழே ஒரு முழம் இருக்கும். அவள் குனிந்து உள்ளே நுழைந்து, அன்றைய விரற்கடையை வெட்டத் தொடங்குவாள்.