ஒன்பதாவது பாட்டு

ஒன்பதாவது பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதே ட்ரெனிஸ் கையை நீட்டி நிறுத்தினாள். டிக்கி ஸ்பீக்கர்களின் முழக்கத்தில் காரின் பின்னால் நம்பர் பிளேட் ஒரு நொடி கூடுதலாக அதிர்ந்துவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு காருக்குள் ஜூலை வெக்கை மட்டும் இருந்தது. ஏசி செத்துப்போன கார். வெளிவராத பாட்டு தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி ஜரெல் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, அம்மாவின் கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது அம்மா குரல்."

"ஆமா."

"அந்த மெசேஜ அழிச்சிட்டேன்னு சொன்ன."

"சொன்னேன்."

மூன்று வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா எர்லீனுக்கு விரலால் தட்டிச் செய்தி அனுப்பும் பழக்கம் கிடையாது. பிள்ளைகள் போனை எடுக்காவிட்டால் குரல் பெட்டியில் கடிதம் எழுதுவதுபோல் பேசுவாள். கிழமை சொல்லி ஆரம்பித்து, 'இயேசுவின் நாமத்தில், உன் அம்மா' என்று முடிப்பாள். அன்று உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஜரெலுக்கு அப்படி ஒன்று பேசி வைத்தாள். பிழைத்துக் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் விஷயம் தண்ணீர், இரண்டாவது, "அத கேக்காம அழிச்சிடு கண்ணு." அழித்துவிட்டதாக அவனும் சொன்னான். பிறகு அது வீட்டில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. நன்றி சொல்லும் நாள் விருந்தில் யாராவது கேட்பார்கள், 'அப்படி என்னதான் சொன்ன, மக்ரோனிக்கு எத்தனை சீஸ் போடணும்னா?' எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்.

ட்ரெனிஸின் மடியில் காலையில் சபையில் கொடுத்த தாள் கிடந்தது. அதன் பின்பக்கத்தில்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதி வந்தாள். ஜாக்சன் ஊரில் ஒரு ஆல்பம் ஸ்டுடியோவில் முடிவதில்லை, காரில்தான் முடியும். டிக்கியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை அடைத்து ஒரு முறை முழுவதும் கேட்டுப் பார்க்காமல் இங்கே யாரும் எதையும் வெளியே அனுப்புவதில்லை. பதினான்கு வயதில் குளியலறைக்குள் நின்று ஜரெல் ராப் பாடியபோது கதவுக்கு வெளியே உட்கார்ந்து 'மறுபடி' என்று சொன்னவள் அவள். அவன் நம்பிய காது அது. இன்று மாலை ஆறு மணிக்கு அவன் ஆல்பத்தை அனுப்பியாக வேண்டும்.

முதல் மூன்று பாட்டுகளுக்கு அவள் மனதாரவே எழுதியிருந்தாள். அவன் குரல் நெஞ்சின் அடியிலிருந்து வருவது; அவசரப்படாது; வார்த்தையின் வாலை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். இரண்டாவது பாட்டில் சபை ஆர்கனை இழுத்து மெதுவாக்கி, முரசுக்கு அடியில் பாயைப்போல் விரித்திருந்தான். நாலாவதிலிருந்துதான் சறுக்கல். அட்லாண்டாவிலிருந்து கூப்பிட்டு வந்த குரல்கள், கிளம்ப நேரம் தெரியாத விருந்தாளிகளைப்போல் திரும்பத் திரும்ப வரும் பல்லவிகள், அவனிடம் இல்லாத கார்கள். 'ஏசி இல்லாத கார்ல உக்காந்துட்டு மூணு கார் வச்சிருக்கேன்னு பாடற' என்று ஆறாவது பாட்டுக்கு நேரே எழுதினாள். அதைப் படித்து அவனும் சிரித்தான். ஒன்பதாவதுக்கு நேரே எண் மட்டும் இருந்தது.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் முரசே இல்லை. மூச்சிரைக்க அம்மா பேசுகிறாள். *டொரியன் யாசூ சிட்டியில ஒளிஞ்சிருக்கான்னு போலீஸ்கிட்ட சொன்னது நான்தான். லமாண்ட் இல்ல. பார்த்த எடத்துல சுட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். உயிரோட இருக்கட்டும்னுதான்...* அங்கே முரசு விழுகிறது. ஜரெல் பாட ஆரம்பிக்கிறான். அவள் நிறுத்தியது அங்கேதான்.

பெரிய அண்ணன் டொரியன் சிறைக்குப் போய்ப் பதினோரு வருடம். கடை ஒன்றில் துப்பாக்கியோடு நுழைந்த இரவுக்குப் பிறகு அவனை யாசூ சிட்டியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டவன் லமாண்ட். அத்தையைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் இடம் தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ட்ரெனிஸும் நினைத்தாள். அவளுக்கும் லமாண்டுக்கும் அக்டோபரில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தது. 'நான் சொல்லல, ட்ரீ' என்று அவன் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்ல அவள் விடவில்லை. எதிர் வீட்டில், அவன் அப்பா மிஸ்டர் பர்விஸின் வராந்தாக் கம்பிமேல் மோதிரத்தை வைத்துவிட்டு வந்தாள். காட்டிக்கொடுத்தவன் என்ற பேரோடு இந்தத் தெருவில் எத்தனை நாள் இருக்க முடியும்? கிறிஸ்துமஸுக்கு முன்பே ஹூஸ்டனுக்குப் போய்விட்டான். இப்போது அங்கே அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

"இத எடுத்துடு," என்றாள்.

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?" தாளைப் பிடுங்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "'நாலுலேருந்து எட்டு வரைக்கும் எல்லாம் பொய்.' யார் கையெழுத்து இது? உண்மையப் பாடு, உண்மையப் பாடுன்னு சின்ன வயசுலேருந்து உயிர எடுத்தது யாரு?"

"உன் உண்மையப் பாடு. இது அவங்களோடது."

"என்னோடதும்தான். மூணு வருஷமா என் பாக்கெட்ல கிடக்கு. ஒவ்வொரு தடவையும் டொரியன பார்க்கப் போறப்ப, 'நான் வெளிய வந்ததும் அந்த லமாண்ட் பயல'ன்னு அவன் ஆரம்பிப்பான். நான் வாயப் பொத்திட்டு உக்காந்திருப்பேன். இன்னும் நாலு வருஷத்துல வெளிய வரப்போறான்க்கா. வந்து ஹூஸ்டனுக்குப் போனா?"

ட்ரெனிஸ் தாளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்பாங்க." அவன் குரல் இறங்கியது. "நீ சொல்லு. நீ வேணாம்னா எடுத்துடறேன். சத்தியமா."

அவன்மேல் அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிதாக இருந்தது. முடிவைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். அதைவிட மோசம், பாட்டு நன்றாக இருந்தது. கேட்டதிலேயே அதுதான் உயிரோடு இருந்தது. அந்த இரைப்பும், வார்த்தைக்கு நடுவே எங்கோ ஒரு கருவி பீப் அடிப்பதும், அதன்மேல் முரசு விழும் இடமும் எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி இருந்தன. அம்மா உடைவதைக் கேட்கும்போதே தன்னில் ஒரு பாதி 'சரியான இடத்துல போட்டிருக்கான்' என்று நினைத்ததை அவள் கவனித்தாள். இன்னொரு பாதி லமாண்டின் இரண்டாவது 'நான் சொல்லல'யை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாதிக்கு இந்தப் பாட்டு ஊர் முழுக்க ஒலிக்க வேண்டும். அப்படி ஒலித்தால் அம்மா அடுத்த ஞாயிறு சபையில் எந்த முகத்தோடு நிற்பாள்?

சமையலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எர்லீன் இன்னும் சபையின் வெள்ளைச் சீருடையில் இருந்தாள். காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. இரண்டு கைகளிலும் அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு. கோழி, கீரை, சோள ரொட்டி. ஞாயிறுதோறும் மிஸ்டர் பர்விஸுக்குப் போகும் தட்டு. பதினோரு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. நம் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவனின் அப்பாவுக்கே சோறு கொடுக்கிறாளே என்று அம்மாவின் பெரிய மனதை நினைத்து ட்ரெனிஸ் எத்தனையோ முறை தன்னைச் சிறியவளாக உணர்ந்திருக்கிறாள். இப்போது அந்தத் தட்டை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அம்மா தெருவுக்குப் போகவில்லை. காரின் பின்கதவை முழங்கையால் திறந்து, தட்டோடு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் எதுக்கு கண்ணாடிய ஏத்திட்டு வேகறீங்க? என் கீரைகூட இவ்வளவு நேரம் வேகல." முழங்கையாலேயே பொத்தானை அழுத்தித் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். "போடு, என் புள்ள பாட்ட நானும் கேக்கறேன். கெட்ட வார்த்தை வந்தா காதப் பொத்திக்கறேன். கர்த்தர் ரெண்டு கை குடுத்திருக்கார்."

"ரெண்டு கைலயும் தட்டு இருக்கேம்மா," என்றான் ஜரெல்.

"அப்ப நீ பாத்துப் பாடியிருக்கணும்."

"ரெண்டாவது போடு," என்றாள் ட்ரெனிஸ், யாரும் எதுவும் சொல்வதற்குள்.

ஆர்கன் எழுந்தது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அம்மாவின் தலை மெல்ல ஆடுவது தெரிந்தது. "இது நம்ம சபை ஆர்கன்தானே? டீக்கன் ஹோலிஸ் கேட்டா அங்கயே மயங்கி விழுவார்." பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். "நல்லாருக்குடா. ஆனா கடைசில அதே வரிய எத்தனை தடவ சொல்ற? எனக்கு மொதத் தடவையே புரிஞ்சிடுச்சு."

ஜரெல் சிரிக்க முயன்றான். மணி ஐந்து இருபது.

"சரி, பாதில நிறுத்தினீங்களே, அத போடு."

"அது இன்னும் முடியலம்மா."

"சமையலறைலேருந்து கேட்டுச்சு." அவள் தட்டின் தாள் ஓரத்தை விரலால் மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "வார்த்தை கேக்கல. ஆனா என் குரல் எனக்குத் தெரியாதா?"

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை அணைத்தார்கள். ஜரெலின் கை பொத்தானுக்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அவன் அக்காவைப் பார்த்தான். ட்ரெனிஸ் கண்ணாடியைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் அங்கே அவளுக்காகவே காத்திருந்தன. அவற்றில் கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நிறுத்திய அதே விரலால் ட்ரெனிஸ் போட்டாள்.

அம்மாவின் குரல் காரை நிறைத்தது. எதிர் வீட்டு வராந்தாவில் மிஸ்டர் பர்விஸ் வழக்கமான நாற்காலியில், வழக்கமான ஞாயிற்றுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். திறந்த ஜன்னல் அவர் பக்கம் இருந்தது. கண்ணாடியை ஏற்ற ஜரெல் பொத்தானைத் தேடினான்; அம்மாவின் முழங்கை ஜன்னல் விளிம்பில் இருந்தது, அது நகரவில்லை. *லமாண்ட் இல்ல* என்றது குரல். முரசு விழுந்தது. நம்பர் பிளேட் அதிர ஆரம்பித்தது.

"எப்படி இரைக்குது பாரு அன்னிக்கு எனக்கு," என்றாள் எர்லீன், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

ஜரெல் இப்போது பாடிக்கொண்டிருந்தான், டிக்கிக்குள்ளிருந்து. முன் இருக்கையில் இருந்த ஜரெல் மூச்சுகூட விடவில்லை. பாட்டின் நடுவில் அம்மாவின் குரல் மறுபடி வரும் என்பது ட்ரெனிஸுக்குத் தெரியாது. *நான்தான், நான்தான்* என்று அது திரும்பி வந்தபோது பின்கதவு திறந்தது.

"தட்டு ஆறிடும்," என்றாள் அம்மா.

"அம்மா, இருங்க, நான் நிறுத்திடறேன்..."

அவள் இறங்கிவிட்டாள். வெள்ளைச் சீருடை, வீட்டுச் செருப்பு, நெஞ்சுக்கு நேரே தட்டு. முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரலே பேசிக்கொண்டிருக்க, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தாள். ஜரெலின் கை பொத்தானை நோக்கிப் போனது. ட்ரெனிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ்டர் பர்விஸ் ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுபோலவே எழுந்து, மூன்று படி இறங்கி, கைகளை நீட்டினார். அவர் முகம் மட்டும் காரின் பக்கம் திரும்பியிருந்தது. எர்லீன் தட்டை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் விடவில்லை. முரசு நின்று பாட்டு ஓய்ந்த பிறகும், வெயிலில் மின்னிக்கொண்டிருந்த அந்தத் தட்டில் நான்கு கைகள் இருந்தன.