ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று

ஆர்டிஸ் ட்வெய்ட்டின் புதுக் குழலைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் துப்பாக்கி மன்றத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை. எல்லோரும் எட்டு என்றார்கள். அவள் ஒன்பது என்றாள்.

விஷயம் இதுதான். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே பாயும். எட்டு அங்குல நீளத்தில் ஒரு முழுச் சுற்று முடிந்தால் அது எட்டு முறுக்கு. ஒன்பது அங்குலம் பிடித்தால் ஒன்பது. எட்டில் குண்டு வேகமாகச் சுழலும், ஒன்பதில் சற்று நிதானமாக. சுழற்சி போதாவிட்டால், ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதுபோல் குண்டும் தலையாட்டும். குண்டு நீளமாக இருந்தால் ஆட்டம் இன்னும் சீக்கிரம் வரும்.

அப்படியானால் வேகமாகவே சுழற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். எந்தக் குண்டும் முழுக்கச் சரியாக அமைவதில்லை. ஒரு பக்கம் மயிரிழை கனம் கூடியிருந்தாலும், சுழற்சி ஏற ஏற அந்தக் கனம் குண்டை அதன் பாதையிலிருந்து விலக்கும். போதுமான சுழற்சி, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்பது ஆர்டிஸின் கட்சி. ஜூலையில், குழல் செய்யும் ஓரினிடம் பழைய ஒன்பது ஒன்றை இரவல் வாங்கி, மலைமேலிருக்கும் தன் பண்ணையில் நீளக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தாள். அட்டையில் துளைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன. அன்றே ஓரினிடம் புது ஒன்பதுக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருட ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் மேட்டு நிலத்தில் தேசியப் போட்டி. மன்றத்தின் நால்வர் அணியில் மூன்று இடம் நிரம்பியாயிற்று. நாலாவது இடத்தை வைத்திருந்தவன் அவள் கணவனின் தம்பி வெர்லின். ஆர்டிஸ் வருடா வருடம் உபரி ஆளாகப் போய், மற்றவர்கள் சுடுவதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, ஐஸும் குளிர்பானமும் வைக்கும் கூலர் பெட்டியைக் கழுவித் திரும்புகிறவள். இந்த அக்டோபர் போட்டியில் வெர்லினை முந்தினால் அந்த இடம் அவளுக்கு.

போட்டி நாள் காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கு மைதானமெங்கும் உறைபனி. புல் வெள்ளையாக விறைத்து நின்றது. ஆர்டிஸ் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

ஆயிரம் கெஜத்துக்கு அப்பால், மண்மேட்டுக்குப் பின்னே ஆள் நிற்கும் ஆழத்தில் ஒரு நீளக் குழி. சுடாதவர்கள் அதற்குள் இறங்கி, ஒவ்வொரு குண்டுக்கும் இலக்கைக் கீழே இழுத்து, துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மேலே ஏற்றுவார்கள். சுடுகிறவருக்குத் தகடு மட்டும் தெரியும். துளை எப்படியிருக்கிறது என்று தெரியாது. எதிராளிக்கு எதிராளிதான் இலக்கு இழுக்கவேண்டும், குழியிலிருந்து புள்ளியைத் தவிர வேறு பேச்சு வரக்கூடாது என்பது மன்றத்தின் பழக்கம்.

பயிற்சிச் சுற்றில் ஆர்டிஸ் சுட்டாள். வெர்லின் குழியில் இருந்தான். வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணி, பத்துக்கு எட்டு."

அடுத்தது.

"ஏழு. காத்தே இல்லையே அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"நீ வாய மூடிக்கிட்டு தகட்ட சொருகுடா."

அடுத்ததும் ஏழு.  அடுத்த முறை இறங்கிய இலக்கு மேலே வர நேரமானது.

"அண்ணி... உங்க துப்பாக்கி முட்ட போடுது."

"என்னடா உளர்ற?"

"துளை எதுவும் உருண்டையா இல்ல. கோழி முட்ட மாதிரி நீண்டு கெடக்கு. எல்லாமே."

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றினாள். நேராக வரும் குண்டு உருண்டையாகத் துளைக்கும். முட்டை வடிவம் என்றால் குண்டு சாய்ந்தபடி வந்து விழுகிறது. தலையாட்டம்! ஆனால் அதே நீளக் குண்டு, அதே ஒன்பது முறுக்கு, ஜூலையில் ஆடவில்லையே?

அவள் வாயிலிருந்து வந்த புகை முகத்தெதிரே அசையாமல் தொங்கியது. அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மலைமேல், வெயிலில், காற்று மெலிந்திருந்தது. இங்கே தாழ்வான பள்ளத்தாக்கில், குளிரில், அது கெட்டிப்பட்டிருக்கிறது. கெட்டிக் காற்று குண்டின் மூக்கைப் பலமாகப் புரட்டும். அங்கே போதுமாக இருந்த சுழற்சி இங்கே பற்றவில்லை. குழலைச் சோதித்தாள், குண்டைச் சோதித்தாள், காற்றைச் சோதிக்க மறந்துவிட்டாள்.

"இத ஏன்டா எங்கிட்ட சொன்ன?"

"பின்ன? முட்டைய ஜெயிச்சேன்னு ஊர்ல போய்ச் சொல்லவா?"

குழலை மாற்ற வழியில்லை, குண்டை மாற்றலாம். துடைத்த குழலின் முதல் சில குண்டுகள் எங்கேயாவது போகும் என்பதால், குழலை அழுக்காக்கவே ஒரு பெட்டி குட்டைக் குண்டுத் தோட்டாக்கள் வண்டியில் வைத்திருந்தாள். எதையும் ஏனோதானோவென்று செய்யத் தெரியாதவளாதலால் அவற்றையும் நிறுத்து அளந்துதான் செய்திருந்தாள். குட்டைக் குண்டுக்கு ஒன்பது தாராளம். ஆனால் பக்கக் காற்று அதை அதிகமாகத் தள்ளும்.

தள்ளும் காற்று அவளுக்குப் புதிதல்ல. அவள் ஓட்டுவது பள்ளிப் பேருந்து. பிள்ளைகளை இறக்கிவிட்ட காலி வண்டியைச் சமவெளிக் காற்று அடுத்த தடத்துக்கே தள்ளப் பார்க்கும். அப்போது பக்கத்தில் பார்த்துப் பயனில்லை. தூரத்தில் புல் எங்கே சாய்கிறது என்று பார்த்து, காற்று வருமுன்பே ஸ்டியரிங்கை ஒடிக்கவேண்டும்.

போட்டிச் சுற்றில் முதலில் வெர்லின் சுட்டான். இருபது குண்டில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று. குழியில் நின்று தகடு செருகியவள் ஆர்டிஸ்; துளைகள் அத்தனையும் அச்சடித்த உருண்டை.

"எட்டு முறுக்கு அண்ணி, எட்டு!"

"தெரியுதுடா, தெரியுது."

அவள் முறை வந்தபோது காற்று எழும்பியிருந்தது. இரண்டு சோதனைக் குண்டுகளில் உயரத்தைப் பிடித்தாள். பிறகு பத்து, ஒன்பது, பத்து. நடுவில் ஒரு எட்டு விழுந்ததும் கொடியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புல்லையே பார்த்தாள். கடைசிக் குண்டு மிச்சமிருக்கையில் நூற்று எண்பத்து நாலு. ஒன்பது விழுந்தால் சமம். சமமானால் இடம் ஏற்கெனவே வைத்திருப்பவனுக்கு. பத்து வேண்டும்.

பக்கத்துக் கொடி துவண்டு தொங்கியது. சுடு சுடு என்றது மனசு. பாதித் தூரத்தில் புல் இன்னும் சாய்ந்தே இருந்தது. ஆர்டிஸ் ஒரு வளையம் இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்து, விசையை அழுத்தினாள்.

இலக்கு இறங்கியது. ஏறவில்லை.

"வெர்லின்! செத்துட்டியா?"

"இருங்க, பாத்துட்டிருக்கேன்." பெருமூச்சு கேட்டது. "உருண்ட அண்ணி. அழகான உருண்ட. பத்து."

மாலையில் ஆர்டிஸ் ஹக்கில்பெர்ரிப் பழ அப்பத்தை வெட்டும்போது ஓரின் வந்தான்.

"ஏம்மா, இப்பவாவது எட்டு செஞ்சு தரவா?"

"ஆகஸ்ட்ல எங்க சுடப்போறோம்?"

"நியூ மெக்சிகோவுல."

"உயரம்?"

"உங்க பண்ணைய விட மேல..." ஓரின் நிறுத்தினான். "வெயிலு வேற கொளுத்தும்."

"அங்க என் ஒன்பது நீளக் குண்டோட நிமிர்ந்து பறக்கும்," என்றாள் ஆர்டிஸ். "குளிர்காலத்துக்கு மட்டும் எட்டு ஒண்ணு செஞ்சு வை."

வெர்லின் இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டினான். "அப்ப உபரி ஆளு நான்தானா?"

"ஆமா. கூலர் பெட்டி வண்டிக்குப் பின்னாடி இருக்கு."