பதினான்காம் தேதி கேட்ட பல்

அந்த வாய் யாருடையது என்று நான்கு நாளாக எனக்குப் பிடிபடவில்லை.

நான் பல் செய்கிறவன். டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் மேல்வரிசை, கீழ்வரிசை என்று ஒரு முழு வாய் மேஜைக்கு வந்துவிடும். விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் செய்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவோம். கூட வரும் வேலைச் சீட்டில் ஆள் பெயர் இருக்காது. ஓர் எண், டாக்டர் பெயர், கெடு தேதி, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை என் மேஜையில் உட்கார்ந்திருந்த வாய் மட்டும் எனக்குத் தெரிந்த வாய். மேலே இடதுபக்கம் முன்பல் ஒன்று காணோம். கீழே நடுப்பற்கள் இரண்டும், ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கிற இரண்டு தடியர்களைப்போல, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கே?

சீட்டில் இருந்தது என் கையெழுத்து. அதில் அதிசயமில்லை, லேபில் எல்லாச் சீட்டையும் எழுதுவது நான்தான். எண்ணுக்கும் டாக்டர் பெயருக்குமான கட்டங்கள் காலி. கெடு மட்டும் தெளிவாக இருந்தது: இந்த மாதம் பதினான்கு. அதாவது வெள்ளிக்கிழமை. சீட்டில் வருடம் எழுதும் வழக்கம் எங்களிடம் கிடையாது. எந்த வாயும் எங்களிடம் பத்து நாளுக்கு மேல் தங்குவதில்லை, அப்புறம் வருடம் எதற்கு?

பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரை எல்லோரும் 'பாலிஷ்' என்றே கூப்பிடுவோம்.

"பாலிஷ், இது எங்கிருந்து வந்துச்சு?"

"பெயிண்ட் அடிக்கறதுக்காக அலமாரியைக் காலி பண்ணோம்ல, அண்ணே. பின்வரிசையில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. சீட்டைப் பாத்தா வெள்ளிக்கிழமை கெடு. பதறிப்போய் உங்க மேஜையில வெச்சேன்."

"எந்தப் பாவி இதைப் பின்னாடி தள்ளினது? ஒரு மனுசன் பல்லு இல்லாம காத்துக்கிட்டு இருப்பானே."

"யாருக்குத் தெரியும்" என்று பாலிஷ் என் முகத்தையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்த மாதிரிதான் இருக்கு, இல்ல?"

எனக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் கூடுதலாகவே இரக்கம் வந்தது. ஏனென்றால் எனக்கும் அதே இடத்தில்தான் பல் இல்லை. சிரிக்காதீர்கள். இடதுபக்க முன்பல் இல்லாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர்.

என் கதை வேறு. எட்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி வாளி விளிம்பில் விழுந்தேன். அன்றிலிருந்து பேசும்போது வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். ஊருக்கெல்லாம் பல் செய்கிறவன் தனக்கொன்று செய்துகொள்ளவில்லையா என்று கேட்பவர்களுக்கு, "நம்ம கையில இருக்கற வேலைதானே, எப்ப வேணும்னாலும் செஞ்சுக்கலாம்" என்பேன். அந்த 'எப்ப வேணும்னாலும்' இன்னும் வந்தபாடில்லை.

இதில் எனக்கு ஒரு பெரிய நஷ்டம் இருந்தது. எங்கள் லேபை நடத்துகிற மேடம் மூன்று வருடமாக என்னைப் பொறுப்பாளராக வரச் சொல்கிறார். வாரா வாரம் டாக்டர்களின் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். எனக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. பேருந்தில் போகும்போது மனதுக்குள் வகுப்பெடுத்துக்கொண்டே போவேன். ஆனால் ஓட்டைப் பல்லோடு பல்லைப் பற்றிப் பேசுவதா? முதலில் பல், அப்புறம் பொறுப்பு என்று எனக்கு நானே ஒரு வரிசை போட்டு வைத்திருந்தேன். மேடம் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் சொல்றேன்" என்று நழுவிவிடுவேன். போன வாரம் அவர் பொறுமை தீர்ந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை பதில் சொல்லுங்க. இல்லேன்னா வெளியிலிருந்து ஒருத்தரைப் போட்டுடறேன். அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

ஆக ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு கெடு. எனக்கு எதைப் பற்றி யோசிப்பது என்றே தெரியவில்லை. தெரியாத மனிதனின் பல்லையே பிடித்துக்கொண்டேன். என் பதிலைத் தள்ளிப்போட அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

மூன்று கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். மூவரும் அது தாங்கள் அனுப்பிய வாய் இல்லை என்றார்கள். சரி, ஆள் கிடைக்கும்போது பல்லாவது தயாராக இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். நான்கே நாள். வியாழக்கிழமை சாயங்காலம் பல் முடிந்துவிட்டது. என் ஆயுளில் செய்த பற்களில் அதுதான் அழகு என்று சொன்னால் தற்பெருமை இல்லை. பாலிஷே வாயைப் பிளந்தார். வழியில் இருக்கும் கிளினிக்குகளில் காலையில் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

சாப்பாட்டு மேஜையில் வைத்ததும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க உங்க வாயை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"என்னது?"

"இது உங்க வாய்தானே. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன், எனக்குத் தெரியாதா? கீழ்ப்பல்லு ரெண்டும் எப்பப் பாரு சண்டை போட்டுக்கிட்டு நிக்குமே."

குளியலறைக் கண்ணாடிக்கு ஓடினேன். எட்டு வருடத்தில் கண்ணாடி முன் நான் வாயைத் திறந்து பார்த்ததில்லை, பல் தேய்ப்பதுகூடக் குனிந்தபடிதான். திறந்தேன். இரண்டு தடியர்களும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. விழுந்த அடுத்த வாரமே எங்கள் லேபுக்குக் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் எனக்கு அளவு எடுத்தார். நானே பிளாஸ்டர் ஊற்றினேன். நானே சீட்டு எழுதினேன், பதினான்காம் தேதி கெடு போட்டேன். அந்த வாரம் அவசர வேலை வந்தது. என் வாயைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். மறுவாரம் இன்னும் கொஞ்சம். அப்புறம் அது என் கண்ணிலிருந்தே மறைந்துபோய், எப்போதோ உடைந்து குப்பைக்குப் போயிருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நான் தேடிக்கொண்டிருந்த பாவி கண்ணாடியில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தான்.

வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். பல்தான் தயாராக இருக்கிறதே. இன்றைக்குப் பல், நாளைக்குப் பொறுப்பு. என் வரிசைப்படியே எல்லாம் நடக்கப்போகிறது. பல்லை எடுத்து இடத்தில் வைத்து அழுத்தினேன்.

போகவில்லை.

திருப்பி வைத்தேன், சாய்த்து வைத்தேன். ம்ஹூம். எட்டு வருடத்தில் இரண்டு பக்கத்துப் பற்களும் காலி இடத்தைப் பார்த்துச் சாய்ந்து வந்திருந்தன. விட்டுவைத்தால் இடம் சுருங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன்.

"சரியா இருக்கா?" என்று மனைவி கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னோட பல்லுதான். ஆனா எனக்குப் பொருந்தாது."

"கொஞ்சம் ராவிப் பாக்கறது?"

"ராவுனா பல்லா இருக்காது, குச்சியாத்தான் இருக்கும்."

அவள் அதைக் கையில் வாங்கி விளக்கில் காட்டிப் பார்த்தாள். "அழகா செஞ்சிருக்கீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒருவனுக்கு நான்கு நாளில் செய்த பல்லை எனக்கென்று எட்டு வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன் என்பது மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லேபின் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். மேலே மேடத்தின் அறை. கீழே டாக்டரின் கிளினிக். மேலே போய் என்ன சொல்வது? பல் இல்லாமல் 'சரி' என்பதா? பல் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதா? காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. இரண்டு படி ஏறினேன், இரண்டு படியும் இறங்கினேன். அப்படியே கிளினிக்குக்குள் போய்விட்டேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. கதவு பக்கத்தில் இருந்தது.

டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினேன். அவர் என்னை நாற்காலியில் சாய்த்து, அளவு எடுக்கும் கலவை நிரப்பிய தட்டை மேல்வரிசையில் அழுத்திப் பிடித்தார்.

"மூணு நிமிஷம். தலை ஆடக் கூடாது, பேசக் கூடாது."

மூன்று நிமிடம்தானாம்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார்.

"உங்களைத்தான் மேலே தேடிட்டிருக்கேன். என்ன முடிவு பண்ணீங்க?"

அடுத்த மாதம், பல் வரட்டும், உடம்பு சரியில்லை. எல்லாம் தொண்டை வரை வந்தன. நாக்குக்கு இடமில்லை. தலையையும் ஆட்ட முடியாது. பழக்கதோஷத்தில் வலது கை வாயை மூட எழுந்தது. அங்கே தட்டின் கைப்பிடியும் டாக்டரின் விரல்களும் இருந்தன, மூட இடமில்லை. கை பாதி வழியில் அப்படியே நின்றது.

"கை தூக்கறீங்க. சரின்னு எடுத்துக்கலாமா?"

அதற்காகத் தூக்கினேனா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே போட்டிருக்கலாம். அதற்கு நேரம் நிறையவே இருந்தது. நான் போடவில்லை.

"நல்லது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு டாக்டர்களோட கூட்டம். நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

திங்கட்கிழமைக்குள் பல் வராது. ஓட்டைப் பல்லோடுதான் உட்கார வேண்டும். டாக்டர் தட்டைக் கழற்றியதும் வழக்கம்போல, "சீட்டு எழுதிடுங்க" என்றார்.

எழுதினேன். எண், டாக்டர் பெயர், கெடு நாள், மாதம். பிறகு பேனாவை மூடாமல், பக்கத்தில் வருடத்தையும் எழுதினேன்.