நாணலுக்குக் கண் உண்டு

திருச்சூரில் பாதி வருஷம் தண்ணீரில் கிடக்கிற கோள் வயலில் வருஷாவருஷம் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு என்றால் விதி கறாரானது. ஜோடியாகப் போக வேண்டும். இரண்டு பேரும் பார்த்தால்தான் பறவை பட்டியலில் ஏறும். பார்த்தவர் விரலை நீட்டலாம், வாயைத் திறந்து அடையாளம் சொல்லக் கூடாது. சாயங்காலம் தனித்தனியாக விசாரிப்பார்கள்.

போன ஜனவரியில் ரோஸிலி இதில்தான் மாட்டிக்கொண்டாள். ஆள் வந்தால் அலகை வானத்துக்குத் தூக்கி, நாணலோடு நாணலாக நின்றுவிடுகிற பெரிய கொக்கு ஒன்றைப் பார்த்தாள். இந்தக் கரையில் அதை யாரும் பார்த்ததே இல்லை. கூடப் போனவளோ அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள். பட்டியல் சரிபார்க்கிற பால்சன், "நாணலைப் பாத்துட்டுக் கொக்குங்கறா" என்று ஊர் முன்னால் சிரித்து, சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டான். அன்றிலிருந்து மீன் மார்க்கெட்டில் அவள் பேரே 'நாணல் ரோஸிலி'. பொய் சொல்லாத வாய்க்கு இப்படியொரு பட்டம்! வயிறு எரியாதா?

இந்த வருஷம் ஜோடி, நாத்தனார் டெஸ்ஸி. ஆட்டோ ஓட்டுகிறவள். பறக்கிறதெல்லாம் அவளுக்குக் காக்கா, நிற்கிறதெல்லாம் கொக்கு. வேறு யாரும் ரோஸிலியோடு வர மாட்டேன் என்றுவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மோட்டார் ஷெட்டைத் தாண்டியதும் ரோஸிலி சட்டென்று நின்றாள். அதேதான்! விரலை நீட்டினாள்.

"என்ன சேச்சி? புல்லு."

"பாரு."

"பாத்தாச்சு. புல்லு."

"இன்னும் பாருடி, என் பொன்னு இல்ல!"

"ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்து மனுஷியைப் புல்லு பாக்க வைக்கறீங்களே!"

ரோஸிலி பல்லைக் கடித்தாள். சொல்லிவிடலாம், ஒரே வார்த்தை. சொன்னால், சொல்லிக்கொடுத்துப் பார்க்கவைத்தாள் என்றாகி, போன வருஷம் சொன்னதும் பொய்யாகிவிடும். காற்று அடித்தது. நாணல் மொத்தமும் சாய்ந்தது. காற்று நின்றது, நாணலும் நின்றது. நடுவில் மட்டும் ஏதோ இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"என் ஈசோயே! சேச்சி, அந்தப் புல்லுக்குக் கண்ணு இருக்கு! அதோட அங்க..."

ரோஸிலி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் போனில் படம் எடுத்தாள். ஒற்றைக் கையால் எடுத்த படத்தில் வெறும் நாணல்தான் தெரிந்தது. இருந்தும் இருவரும் வரப்பில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

சாயங்காலம், வெளிச்சம் இறங்குமுன் வாசகசாலை முற்றத்தில் கூட்டம். கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் ஆறிக்கொண்டிருக்க, பால்சன் டெஸ்ஸியைக் கூப்பிட்டான். எப்படி இருந்தது என்றான்.

"பழுப்பு. மேலெல்லாம் கறுப்புக் கீத்து. மூக்கு வானத்துல, கண்ணு மட்டும் நம்ம மேல. போலீஸ்காரரு வந்தா எங்க ஸ்டாண்டுல நாங்க நிப்போமே, அப்படி!"

முற்றமே சிரித்தது. பால்சன் சிரிக்கவில்லை.

"எத்தனை?"

"ரெண்டு."

போச்சு! தள்ளி நின்று கேட்ட ரோஸிலி தலையில் கை வைத்தாள். அவள் எழுதியிருந்தது ஒன்று.

"ரோஸிலி ஒண்ணுன்னுல்ல எழுதியிருக்கா?"

"சேச்சி வாயைப் பொத்திட்டாங்களே! எங்கே சொல்ல விட்டாங்க? அவங்க விரலுக்கு நேரா ஒண்ணு. வலது பக்கம், மூலையில இன்னொண்ணு."

பால்சன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினான். நடுவில் துழாவினான். பிறகு மூலைக்குப் போனான். அங்கே நாணலுக்கு நடுவே ஓர் அலகு வானத்தைப் பார்த்து நின்றது. கடைசியில் பையிலிருந்து போன வருஷத்து நோட்டை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே, 'ரோஸிலி பார்த்தது கொக்குதான். அடித்தது என் தப்பு' என்று எழுதி, எல்லோரும் கேட்க வாசித்துக் கையெழுத்தும் போட்டான்.

ஒரு வருஷக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரோஸிலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு ரோஸிலி" என்றான் பால்சன். "நானும் ஒரு தடவை பாக்கணும். காட்டுவியா?"

டெஸ்ஸி அதற்குள் ஆட்டோவைக் கிளப்பிவிட்டாள்.

"ஏறுங்க பால்சன் சேட்டா" என்றாள் ரோஸிலி. "ஆனா விரலைத்தான் நீட்டுவேன். வாயைத் திறக்க மாட்டேன்."