புத்தகம் இல்லாத ஜெபம்

ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவர் வருவதற்குள் ஜெபித்துவிடலாம் என்று வரதராஜா கோட்டுப் பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். ஆபரேஷனுக்கு உடுப்பு மாற்றிப் படுத்திருந்த அவர் மனைவி நேசமலர் அவருடைய விரலையே பார்த்தாள். நோயாளிக்கான ஜெபம் எந்தப் பக்கம் என்று அந்த விரலுக்குத் தெரியும். அந்த ஜெபத்தை நம்புகிற ஆள் அவருக்குள் இன்னும் இருக்கிறாரா என்பதுதான் பல வருஷமாக அவளுடைய சந்தேகம்.

ஊரில் சுண்டிக்குளியில் குருப்பட்டம், இங்கிலாந்தில் எபிரேய ஆராய்ச்சி, டெக்சாஸ் இறையியல் கல்லூரியில் பேராசிரியர், இப்போது சுகர் லேண்டில் சின்ன ஆங்கிலிக்கன் சபைக்குக் குரு. எல்லா இடத்துக்கும் அவள் பெட்டி கட்டிக்கொண்டு பின்னால் போனாள். சாப்பாட்டு மேசையில் பைபிளின் சங்கீதத்தை விரித்து வைத்து, "இந்த வசனம் ஆரோ பிறகு சேர்த்தது, நேசம்" என்பார், சந்தோஷமாக. இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று போனால் அவருக்கென்று என்ன மிஞ்சும் என்று சோறு போட்டபடி யோசிப்பாள். போன மாதம் சாகக் கிடந்த ஒருவரின் பக்கத்தில் எல்லாரும் ஜெபத்தில் கண்ணை மூடியிருக்க, அவர் நேரம் பார்த்ததைக் கண்டாள். அவளும் கண்ணை மூடவில்லை என்பது வேறு கதை.

"புத்தகத்தை மூடுங்கோ. எனக்காக நீங்களாக் கேளுங்கோ."

"புத்தகமில்லாமல் ஜெபிக்கிற மெதடிஸ்த வீட்டுப் பழக்கம் போகாது. உங்கட ஆக்கள் ஆண்டவருக்கு வெயிலையும் மழையையும் விளங்கப்படுத்துவினம்."

"நாற்பது வருஷமா இதே பகிடி. கேளுங்கோவன்."

"ஆண்டவரே" என்றார். திரைக்கு அப்பால் ஏதோ இயந்திரம் உறுமி ஓய்ந்தது. விரல் மறுபடியும் புத்தகத்துக்குள் போனது.

"ஏலாமக் கிடக்கு, நேசம். கேட்கிறதை நிப்பாட்டிக் கனகாலம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமையில ஆரோட கதைக்கிறியள்?"

"முன்னால இருக்கிற சனத்தோட."

என்றாவது அகப்படுவார் என்று காத்திருந்தவளுக்கு, அகப்பட்டபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபம்கூட வரவில்லை. மயக்க ஊசிக்கு முன் தனியாகிவிட்ட பயம் மட்டும்.

"சரி, கையைத் தாங்கோ" என்று அவளே தொடங்கினாள். டாக்டரின் கை நடுங்கக் கூடாது. ரவுண்ட் ராக்கிலிருந்து நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கும் மகன் அபிராம் மெதுவாக ஓட்ட வேண்டும். இந்த மனுஷன் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

கட்டில்காரர் திரையை விலக்கினார். ஆமென் சொல்ல வாயெடுத்தாள்.

"பொறு, முடிக்காதை" என்றார் வரதராஜா.

அவருக்கு வேண்டியது ஜெபமா, தன் குரல் மட்டுமா என்று அவளுக்கு மறுபடியும் சந்தேகம். கேட்க நேரமில்லை. கட்டில் நகர்ந்தது. அவர் கையை விடாமல் பக்கத்தில் நடக்க, அவள் அவருடைய முழங்கால் வலியைப் பற்றி ஆண்டவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.