நீலப் பெட்டிக்குள் சிவப்பு

கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் மூன்று வருடம் நின்றுவிட்டு, இரண்டாயிரத்து நாலில் திலக்ஷன் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினான். தன்னைப் பெரிய ஆள் என்று நினைப்பது தான் ஒருவன் மட்டுமே என்பது வந்த வாரமே அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வகுப்பு ஆரம்பித்தான். கடை முதலாளி கழித்துப்போட்ட மூன்று கணினிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, திம்புள்ளப் பக்கத்து அந்தத் தோட்டத்தின் கிளப் அறையில் வைத்தான். அறையைக் கொடுத்தவர்கள் தோட்டத்தின் இரண்டு தொழிற்சங்கத் தலைவர்கள். நீலக்கொடிச் சங்கத்துக்கு வீரய்யா, சிவப்புக்கொடிச் சங்கத்துக்கு மூக்கன். இருவரில் ஒருவர் முகம் சுளித்தாலும் அறை போய்விடும். அறை போனால் மறுபடியும் கொழும்புக்குப் போய் யாருடைய கடையிலாவது சாமான் தூக்க வேண்டியதுதான்.

கணினிகள் பழசு. விண்டோஸ் போட்டால் அவற்றுக்கு மூச்சு வாங்கும். அதனால் இலவசமாகக் கிடைத்த லினக்ஸைப் போட்டிருந்தான். படமெல்லாம் கிடையாது, கறுப்புத் திரை, அதில் எழுத்து. இரண்டே எழுத்தைத் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் பட்டியலாக வரும். ஃபோல்டர் என்றால் பிள்ளைகள் விழித்ததால் அதற்குப் பெட்டி என்று பெயர் வைத்தான். பெட்டிகளின் பெயர்கள் நீலத்தில் வந்தன. கறுப்பின் மேல் கருநீலம், அதுவும் அந்தக் கிழட்டுத் திரையில்! பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்தைத் தேடினார்கள்.

இந்த நிறங்களை மாற்றலாம் என்று ஒரு நாள் ஏதோ புத்தகத்தில் பார்த்தான். அவ்வளவுதான், ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெட்டிக்கு ஒரு நிறம், படத்துக்கு ஒரு நிறம், எழுதி வைக்கும் பைலுக்கு ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். எண்ணை மாற்றுவான், பட்டியலைப் போடுவான், இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து ரசிப்பான். நிறம் பார்ப்பதற்காக வெறும் பெயர்களாக உருவாக்கிக் குவித்தான். சாப்பாட்டை மறந்தான். பாடத்தையும் மறந்தான், அதை மட்டும் கவனிக்கவில்லை. பிள்ளைகளையும் அதிலேயே இறக்கிவிட்டான். அவர்களும் குஷியாக எண்களை மனப்பாடம் செய்தார்கள். கடைசியில் பெட்டிகளுக்குப் பளிச்சென்று ஒரு சிவப்பைப் போட்டான். கொழும்பில்கூட இப்படியொரு திரை இருக்காது என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

பிள்ளைகள் லயத்து வீடுகளுக்குப் போய்ச் சொன்ன செய்தி ரொம்பச் சுருக்கமானது. சார் நீலத்தைத் தூக்கிவிட்டுச் சிவப்பைப் போட்டுவிட்டார். சங்கங்களுக்கு ஆள் சேர்க்கும் மாதம் அது. அந்த மாதத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகவே ஆட்கள் யோசிப்பார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். நிறத்தைக் கண்டதும் நம் மேதைக்கு மறந்துபோனது.

மறுநாள் காலையிலேயே வீரய்யா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, மொதல்ல நீலந்தான இருந்துச்சு?”

“ஆமாங்க தலைவரே. ஆனா நீலம் கண்ணுக்கே தெரியலீங்க.”

“எங்க கலரு ஒங்கண்ணுக்குத் தெரியல?”

“ஐயோ, அப்பிடிச் சொல்லலீங்க...”

விளக்க விளக்க இன்னும் மாட்டிக்கொண்டான். வீரய்யா படியிறங்குவதற்குள் திரையில் நீலம் வந்துவிட்டது, கொஞ்சம் வெளிறிய நீலமாக. அன்று பின்னேரம் மூக்கன் வந்தார். அவர் அதட்டுகிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசுவார், அதனால்தான் பயம்.

“செவப்பு என்னா பாவம் பண்ணுச்சு தம்பி?”

திலக்ஷனின் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

“செவப்ப எடுக்கலீங்க தலைவரே. இந்தா பாருங்க, பெட்டி மட்டுந்தான் நீலம். பெட்டிக்குள்ள இருக்கிற பைல் அத்தனையும் செவப்பு. ஆளுக்குப் பாதி.”

மூக்கன் திரையையே பார்த்தார். சிரிப்பு நின்றது.

“அப்ப எங்காளுங்க அத்தன பேரும் அவங்க பெட்டிக்குள்ளயா?”

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் போட்டார்கள். வீரய்யாவும் மூக்கனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அந்தத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. அறையைப் பூட்டிவிட வேண்டும் என்றார்கள் இருவரும். திலக்ஷன் கணினிப் பக்கத்தில் நின்றுகொண்டு, கொழும்பில் போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் தயார்பண்ணினான். அரசியல் பண்ணிக் கெடுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் நான் அந்தத் தோட்டத்தையே மாற்றியிருப்பேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து நாகலெட்சுமி எழுந்தாள். வகுப்புக்கு வரும் பூரணியின் அம்மா, மலையில் கொழுந்தெடுப்பவள்.

“எனக்குக் கலரு எதுவா இருந்தாலும் ஒன்னுதான் தம்பி. எம் மக அதுல என்னா எழுதியிருக்குன்னு மட்டும் தொறந்து காட்டுங்க.”

பூரணி பெயரில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தான். உள்ளே வரிசையாகச் சிவப்பில் ஐந்தாறு பெயர்கள். முதலாவதைத் திறந்தான். வெறும் கறுப்புத் திரை. அடுத்ததைத் திறந்தான். அதிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. மூன்றாவதைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை.

“சார் கலருதாம்மா சொல்லிக் குடுத்தாரு,” என்றாள் பூரணி. கோள் சொல்லவில்லை; அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

வீரய்யா தொண்டையைச் செருமினார். மூக்கன் கூரையைப் பார்த்தார். இத்தனை நாளும் வெறும் பெட்டிக்காகக் கட்டிப்புரண்டது இருவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

“ஓ எல் பரீட்ச முடிஞ்ச புள்ள,” என்றாள் நாகலெட்சுமி. “தோட்டத்துல கொழுந்தெடுக்கப் பேரு பதியச் சொல்லி, வேல வாங்குற கண்டாக்கையா கேட்டுக்கிட்டே இருக்காரு. நா ஏலாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். எத நம்பித் தம்பி சொல்றேன்?”

திலக்ஷன் கொழும்புக்குத் தயார்பண்ணிய பேச்சில் ஒரு வார்த்தைகூட இந்தக் கேள்விக்கு உதவாது. தலைவர்கள் பூட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மெல்லக் கிளம்பினார்கள். ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு போனார்கள். கூட்டமும் கலைந்தது.

திலக்ஷன் பூரணியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“அம்மா, நீங்களும் ஒக்காருங்க.”

“நா எதுக்குத் தம்பி? எனக்கு ஒன்னும் வெளங்காதே.”

“புள்ள எழுத்து அடிக்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டிருங்க. நீங்க எந்திரிச்சுப் போனா நா திரும்ப கலருக்குப் போயிருவேன்.”

நாகலெட்சுமி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.